ஓடாமல் ஒரு நாள்: கன்னியாகுமரியைப் பார்க்கவும் உடன்வந்த பயணிகளோடு பழகவும் ஒரு முழு வழிகாட்டி

விடியலில் சூரிய உதயம், பத்து மணிக்குப் பாறை, பன்னிரண்டுக்குச் சுசீந்திரம், இரண்டுக்கு அரண்மனை, நாலுக்குத் திற்பரப்பு அருவி, ஆறரைக்கு அஸ்தமனம். இப்படி வாட்சைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவர்களை எங்கள் ஊரில் தினமும் பார்க்கிறோம். தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேனை நோக்கி விரைகிற அப்பாக்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. லீவு அவ்வளவுதான் என்றால் என்ன செய்வது. ஆனால் உங்களுக்கு ஒரு முழு நாள் கையில் இருக்கிறதென்றால், அதை வேறு விதமாகக் கழிக்கலாம்.

பினாங்கிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருகிற தமிழருக்கு இது வேற்று நாட்டில் ஒரு நாள். சென்னைக்காரருக்கு ஒரு ராத்திரி ரயில் பயணம். யாராக இருந்தாலும் பக்கத்தில் நிற்பவர் அசாமிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். நாட்டின் கடைசி முனை என்பதால் எல்லாத் திசையிலிருந்தும் ஆள் வந்து சேருகிற இடம் இது. இங்கே வந்து கடலை மட்டும் பார்த்துவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை.

என் கணக்கு இதுதான்: ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும். காலையில் கடல் நடுவே உள்ள விவேகானந்தர் பாறை, மத்தியானம் தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனை, சாயங்காலம் முட்டம் கடற்கரை. இடையில் கிடைக்கிற நேரமெல்லாம் மனிதர்களுக்கு.

எந்த நாள், எந்த மாதம்

திங்கட்கிழமை வேண்டாம், அன்று அரண்மனை விடுமுறை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குப் போய்த் திரும்புகிற ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். படகு வரிசை வெகுதூரம் நீளும். மே மாதப் பள்ளி விடுமுறையும் அப்படியே. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அதற்கு யாரிடமும் சண்டை போட்டுப் பயனில்லை.

கடலில் எழுந்து கடலிலேயே விழுகிற சூரியனை முனையில் நின்று பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் முதல் மார்ச் வரையான மாதங்கள் நல்லது. மற்ற மாதங்களில் சூரியன் வடமேற்குப் பக்கமாக நகர்ந்து கரைக்கு மேலே இறங்கிவிடும். என்னைக் கேட்டால் பிப்ரவரியில் ஒரு வார நாள். வெயில் தாங்கும், கூட்டமும் குறைவு.

முந்தின நாள் சாயங்காலமே வந்து கன்னியாகுமரியில் தங்கிவிடுங்கள். நாகர்கோவிலில் அறை வாடகை குறையலாம். ஆனால் விடியற்காலை 20 கிலோமீட்டர் வந்து சேரவேண்டியிருக்கும், அங்கேயே ஓட்டம் தொடங்கிவிடும்.

விடியற்காலை: முதல் பேச்சு

வருஷம் முழுக்க சூரியன் ஏறக்குறைய 6 மணிக்கும் 6.45-க்கும் இடையில் எழும். அரை மணி முன்னாலேயே போய்விடுங்கள். முக்கடல் சங்கமத்துப் படித்துறையில்தான் எல்லோரும் நிற்பார்கள். அங்கே போனால் சூரியனைவிடச் செல்போன்கள்தான் அதிகம் தெரியும். கொஞ்சம் வடக்கே நடந்து வாவத்துறைப் பக்கம் வந்தால் இடம் விசாலம். அது மீனவர் குடியிருப்பு. வலைகளை மிதிக்காமல், வாசல்களை மறைக்காமல் நில்லுங்கள்.

பேச்சைத் தொடங்க நான் கண்ட நல்ல வழி, மற்றவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது. ஒரு குடும்பம் வந்தால் அதில் யாராவது ஒருவர் எப்போதும் படத்துக்கு வெளியே நிற்பார். பெரும்பாலும் அம்மாதான், இல்லையென்றால் மூத்த மகன். “நான் எடுத்துத் தரட்டுமா, நீங்களும் போய் நில்லுங்க” என்று சொல்லிப் பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் கையை நீட்டினாலே புரிந்துகொள்வார்கள். ஒன்றுக்கு மூன்றாக எடுங்கள், கண் மூடியவர்கள் இருப்பார்கள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது எந்த ஊர் என்று கேட்டால் போதும், மீதியை அவர்களே தொடங்குவார்கள்.

வெளிநாட்டவரைக் கண்டதும் ஓடிப்போய்த் தன்னோடு செல்ஃபி கேட்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். நாள் முழுக்க முப்பது பேர் கேட்டால் அவர்கள் காட்சிப்பொருள் ஆகிவிடுகிறார்கள். முதலில் பேசுங்கள். படம் கடைசியில் வரட்டும், வராமலும் போகட்டும்.

விடியலில் இன்னொரு கூட்டத்தையும் கவனியுங்கள். தேசிய நெடுஞ்சாலை 44 ஸ்ரீநகரிலிருந்து இங்கே வந்துதான் முடிகிறது. காஷ்மீரிலிருந்து சைக்கிளிலும் பைக்கிலும் வருகிறவர்கள், முகமெல்லாம் கறுத்து, உதடு வெடித்து, கடல் முன்னால் வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குப் பேச ஆள் வேண்டும். “எத்தனை நாள் ஆச்சு?” என்று கேட்டு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அசாமின் திப்ரூகரிலிருந்து வரும் விவேக் எக்ஸ்பிரஸில் 4,100 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளைத் தாண்டி உட்கார்ந்து வந்தவர்களும் அப்படியே. நம் நாட்டில் ஒரே ரயிலில் அதைவிடத் தூரம் போக முடியாது. அந்த ரயிலைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை கிடைக்கும்.

படகு வரிசை: இங்கே அவசரப்படவே கூடாது

பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் காலை 8 மணிக்குத் தொடங்கும். 7.15-க்கே வரிசையில் நின்றுவிடுங்கள். கூடுதல் கட்டணச் சிறப்பு வரிசையும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அதில் போகட்டும். மற்றவர்களுக்கு நான் சாதாரண வரிசையைத்தான் சொல்வேன். படகில் போகிற நேரம் சில நிமிடம்தான், ஏறுவதற்குள் இறங்கிவிடுவோம். முன்னும் பின்னும் அதே ஆட்களோடு முக்கால் மணி நேரம் நிற்கிற அந்த வரிசையில்தான் பழக்கம் ஏற்படும். தப்பித்துப் போக முடியாது, பேசித்தான் ஆகவேண்டும்.

வரிசைக்குப் போகும் முன் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விரல் நீளத்தில், மெல்லிய தோலோடு, லேசான புளிப்பும் வாசமும் கொண்ட எங்கள் ஊர்ப் பழம். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பக்கத்து வீடுகளில் குழந்தைக்கு முதல்முதல் மசித்துக் கொடுப்பதும் இதைத்தான். ஏன் மட்டிப்பழம் என்று கேட்டால், வரிசையில் நிற்கும் ஒருவர் சமணராக இருக்கலாம், கிழங்கும் வெங்காயமும் தொடமாட்டார். இன்னொருவர் விரதம். இன்னொருவருக்கு வெளியில் வறுத்த பண்டம் என்றால் பயம். தோல் உரித்துச் சாப்பிடுகிற பழத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நீங்கள் ஒன்றை உரித்துத் தின்று, அப்புறம் சீப்பை நீட்டுங்கள்.

படகுத் துறையில் உயிர்காப்பு அங்கி கொடுப்பார்கள். முந்தின நடையில் வந்தவர்கள் கழற்றிப்போட்டது ஈரமாக இருக்கும். நாடா எங்கே, கொக்கி எங்கே என்று தெரியாமல் பெரியவர்கள் திணறுவார்கள். ஒருமுறை கொல்கத்தாவிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர், புடவைத் தலைப்பு அங்கிக்குள் சிக்கிக்கொள்ள, இரண்டு கையையும் தூக்கியபடி நின்றார். எங்கள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி, வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள், “நில்லுங்கம்மா” என்று சொல்லித் தலைப்பை உருவி இடுப்பில் செருகிவிட்டு, நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். அந்த அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு வங்காளத்தில் ஏதோ சொன்னார். இவள் தமிழில் பதில் சொன்னாள். படகிலும் பாறையிலும் அவர்கள் இரண்டு பேரும் அப்படியே பேசிக்கொண்டே போனார்கள்.

பாறையிலும் சிலையிலும்

1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த பாறை. நினைவு மண்டபத்தைக் கட்ட ஏக்நாத் ரானடே நாடு முழுக்க நிதி திரட்டி, 1970 செப்டம்பரில் திறந்தார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் கல் கொதிக்கும், அதற்கும் முதல் படகு நல்லது. தியான மண்டபத்துக்குள் பேச்சே கூடாது. புதிதாகப் பழகியவரோடு கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். வெளியே வந்தபிறகு பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அங்கிருந்து வள்ளுவர் சிலைக்கு இப்போது கண்ணாடிப் பாலம் உண்டு. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2024 டிசம்பர் 30 அன்று திறந்தது. முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்தால் சிலைக்குப் படகு போகாது, கண்ணெதிரே இருப்பதைத் தொடாமலே திரும்பியவர்கள் ஏராளம். கண்ணாடிமேல் கால்வைக்கப் பயந்து நிற்பவர் யாராவது இருப்பார். அவருக்குக் கை கொடுங்கள், கேலி செய்ய வேண்டாம்.

சிலையைப் பற்றி உடன்வருபவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கணபதி ஸ்தபதி செய்த இந்தச் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. மொத்த உயரம் 133 அடி, குறளின் 133 அதிகாரங்களுக்காக. பீடம் மட்டும் 38 அடி, அது அறத்துப்பாலின் அதிகாரக் கணக்கு. மேலே உள்ள 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்தது. அறத்தின் மேல்தான் மற்ற இரண்டும் நிற்க முடியும் என்பதைக் கல்லிலேயே சொல்லியிருக்கிறார் ஸ்தபதி. 2004 சுனாமியில் அலை மோதியும் சிலை அசையவில்லை. இதை இந்தியிலோ ஆங்கிலத்திலோ தட்டுத்தடுமாறிச் சொன்னாலும், கேட்கிறவர் அண்ணாந்து இன்னொரு தரம் பார்ப்பார். தமிழர் ஒருவர் வாயால் கேட்டது அவர் நினைவில் நிற்கும்.

கரைக்குத் திரும்பியதும்

பத்தரை, பதினொன்று ஆகியிருக்கும். இட்லியோ ஆப்பமோ சாப்பிட்டுவிட்டு, பகவதி அம்மன் கோயிலுக்குப் போக விருப்பமிருந்தால் உச்சிப் பூஜைக்கு நடை அடைக்குமுன் போய்விடுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வெளிமாநில நண்பர் கூட வந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாசலில் வைத்துச் சொன்னால் சங்கடப்படுவார். காந்தி மண்டபம் பக்கத்திலேயே இருக்கிறது. 1948-இல் அவர் அஸ்தியைக் கடலில் கரைக்குமுன் வைத்த இடம். அக்டோபர் 2 அன்று நடுப்பகலில் வெயில் அந்த இடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள்.

சுசீந்திரம் இந்த நாளில் வேண்டாம். ஒரே கல்லில் செதுக்கிய தூண்கள் தட்டினால் பாடுகிற கோயிலை, நடை அடைக்கப் போகிறார்கள் என்ற பதற்றத்தில் அரை மணியில் பார்ப்பது அந்தச் சிற்பிகளுக்குச் செய்கிற அநியாயம். இன்னொரு நாள் தங்கினால் காலையில் போங்கள்.

பஸ்ஸில் போங்கள்

காரை விட பஸ்ஸே நல்லது. கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில், அங்கே மாறி மார்த்தாண்டம் அல்லது திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில் தக்கலை. தக்கலையிலிருந்து அரண்மனைக்கு ஆட்டோ. மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். தென்னந்தோப்பு, வாழைத்தோப்பு, குளம், தாமரை, பின்னால் மலை என்று ஜன்னல் ஓரத்தில் ஊரே நகரும்.

பக்கத்து சீட்டில் எங்கள் ஊர்ப் பெரியவர் யாராவது உட்கார்ந்தால் “எங்க இருந்து வாறிய மக்ளே?” என்று அவரே தொடங்கிவிடுவார். அடுத்து கல்யாணம் ஆச்சா, எத்தனை பிள்ளை, என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்றும் கேட்பார். அது அக்கறையில் கேட்பது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் கூட வரும் வெளிநாட்டவரிடம் நீங்கள் அதே கேள்விகளைக் கேட்காதீர்கள். அவர்களுக்கு அது சொந்த விஷயத்தில் தலையிடுவது. வீட்டில் என்ன சமைப்பார்கள், இந்த ஊருக்கு வர எப்படித் தோன்றியது, போன இடங்களில் எது பிடித்தது, இவை எந்த நாட்டவரிடமும் கேட்கலாம்.

நாகர்கோவிலில் மத்தியானச் சாப்பாடு. சைவம் என்றால் அவியல், உள்ளித்தீயல் (சின்ன வெங்காயக் குழம்பு), பருப்பு, பப்படம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) அவித்ததும், தேங்காய் அரைத்த மீன் குழம்பும். காரமும் புளியும் பழகாதவரிடம் முதலிலேயே சொல்லி, பக்கத்தில் தயிர் வாங்கி வையுங்கள். பில்லை ஒருவரே கொடுக்க வேண்டாம். அவரவர் பங்கை அவரவர் கொடுத்தால்தான் அடுத்த இடத்துக்கும் கூச்சமில்லாமல் சேர்ந்து போக முடியும். டீக்கும் பழத்துக்கும் நீங்கள் செலவழியுங்கள், சாப்பாட்டுக்குப் பங்கு போடுங்கள்.

அரண்மனை

மத்தியான இடைவேளைக்குப் பிறகு 2 மணிக்குத் திறக்கும்போது உள்ளே நுழையுங்கள். நாலரையோடு டிக்கெட் முடிந்துவிடும். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். அப்புறம் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார்கள். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் தொடர்கிறது. அதனால் உள்ளே தமிழும் மலையாளமும் கலந்துதான் விளக்கம் கிடைக்கும்.

முழுக்க மர வேலைப்பாடு. ஆனால் முதலில் தரையைப் பாருங்கள். கறுப்பாக, கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கும். சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த தரை என்று சொல்வார்கள். வெறுங்காலில் நடந்தால் வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறும். குனிந்து பார்த்தால் ஜன்னல் வெளிச்சம் தரையில் தெரியும். பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்து மேற்கூரையில் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் செதுக்கிய மரப் பூக்கள். எந்தப் பூ எங்கே வேறுபடுகிறது என்று புது நண்பரோடு சேர்ந்து தேடிப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது. மூலிகை மரங்களால் செய்த கட்டில், இரண்டு மாடி ஊட்டுப்புரை (சாப்பாட்டுக் கூடம்), கல்லில் எழுப்பிய நவராத்திரி மண்டபம், அரண்மனையிலேயே பழமையான பகுதியான தாய்க்கொட்டாரம். ஒன்றைக்கூட விட வேண்டாம்.

உடன் வருபவர் ஐரோப்பியராக இருந்தால் டிலன்னாய் கதையைச் சொல்லுங்கள். 1741 குளச்சல் போரில் டச்சுப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா தோற்கடித்தார். பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலன்னாய் பிறகு அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்துத் தளபதியானார். அவர் கல்லறை பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் பொறித்த எழுத்தோடு. நேரமிருந்தால் போகலாம். இல்லையென்றால் கதை போதும்.

முட்டத்தில் சாயங்காலம்

அரண்மனையிலிருந்து முட்டம் சுமார் 20 கிலோமீட்டர். தக்கலை, திங்கள்நகர் வழியாகப் பஸ்ஸில் போகலாம். ஆனால் இந்த ஒரு தூரத்துக்கு நாலு பேர் சேர்ந்து ஆட்டோவோ காரோ பிடிப்பது நல்லது, அஸ்தமனத்தைத் தவறவிடக் கூடாது. காலையில் பழகியவர் யாராவது அரண்மனைக்கும் வந்திருந்தால் கூப்பிடுங்கள். ஏறும் முன்பே வாடகையைப் பேசி, திரும்பி வருவதற்கும் சேர்த்து முடிவு செய்துவிடுங்கள். இருட்டியபிறகு அங்கே வண்டி கிடைப்பது எளிதல்ல.

செம்மண் மேடு, கலங்கரை விளக்கம், கடலுக்குள் நீளும் பாறைகள். கரை மேற்கு நோக்கி வளைந்திருப்பதால் எந்த மாதம் போனாலும் சூரியன் கடலில்தான் இறங்கும். கன்னியாகுமரி முனையில் கிடைக்காதது இது. பாறைமேல் ஏறி நின்று படமெடுக்கவும் கடலில் இறங்கவும் வேண்டாம். இந்தப் பக்கத்து அலை பாறை இடுக்கில் பலமாக இழுக்கும். நீந்தத் தெரிந்தவர்களையும் இழுத்திருக்கிறது. வெளிநாட்டு நண்பர் குளிக்க ஆசைப்பட்டால் வெட்கப்படாமல் தடுத்துவிடுங்கள். உள்ளூர் மீனவர் என்ன சொல்கிறாரோ அதுதான் கடைசி வார்த்தை.

எதுவரை பழகலாம்

பழக்கம் நல்லதுதான், எச்சரிக்கையும் வேண்டும். தங்கியிருக்கும் லாட்ஜ் பெயரையும் அறை எண்ணையும் சொல்லாதீர்கள். தனியாக வந்திருக்கும் பெண் என்றால், கூட வந்தவர் அறையில் காத்திருக்கிறார் என்று சொல்லிக்கொள்வதில் தப்பில்லை. சந்திப்பதெல்லாம் பொது இடத்தில் இருக்கட்டும். நாலைந்து பேராகச் சேருவது இரண்டு பேராக இருப்பதைவிடப் பாதுகாப்பு. பணம் கடன் கேட்டாலோ, தெரிந்த கடை என்று ஏதாவது வாங்க இழுத்தாலோ கும்பிட்டு விலகிவிடுங்கள். அடுத்தவர் குழந்தையைப் படம் எடுக்க வேண்டுமென்றால் பெற்றோரைக் கேட்டுத்தான்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. தனியே வரும் பெண் பயணி சிரித்துப் பேசினால் அது மரியாதை. அதற்கு மேல் அதில் எதையும் தேடாதீர்கள். அவர் பேச்சைக் குறைத்தால் நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லோரும் பேச வந்திருக்க மாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். சிலர் அஸ்தி கரைக்க வந்திருப்பார்கள், சிலர் நேர்த்திக்கடன். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால், சிரித்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள்.

பிரியும்போது

எடுத்த படங்களை அன்று ராத்திரியே அனுப்பிவிடுங்கள். ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்றால் அனுப்பமாட்டோம், எல்லோருக்கும் அப்படித்தான். எண்ணைச் சேமிக்கும்போது பெயரோடு ஊரையும், எங்கே பார்த்தோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: இன்னார், குவாஹாத்தி, படகு வரிசை. ஆறு மாதம் கழித்து யார் என்று யோசிக்க வேண்டியிருக்காது. கையில் கொடுத்தனுப்ப ஏதாவது வேண்டுமென்றால் நாகர்கோவில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸும் முந்திரிக்கொத்துப் பலகாரமும் நாலைந்து நாள் ரயிலுக்குத் தாங்கும். மட்டிப்பழம் தாங்காது.

அவர்கள் மறுநாளும் தங்குகிறார்கள் என்றால், தோவாளைப் பூச்சந்தைக்கு விடியுமுன் சேர்ந்து போகலாம். அதற்கு ஆட்டோவை ராத்திரியே சொல்லி வைக்க வேண்டும். காலை எட்டு மணிக்கெல்லாம் நல்ல பூ எல்லாம் லாரி ஏறிவிடும்.